மோடம் இணைந்துவிட்டது, பாக்கெட் ஏன் வெளியே போகவில்லை?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் டெபியன் லினக்ஸ் ஓடும் சிறிய கணினிப் பலகை இருக்கிறது. அதன் ஈதர்நெட் பக்கம் வெப்பநிலை உணரிகள் இருக்கும் உள்வலை, 192.168.1.0. பலகையின் முகவரி 192.168.1.5. வெளியே போவதற்கு சிம் அட்டை போட்ட மோடம். சீரியல் போர்ட் வழியாக, பிபிபி என்ற இருமுனை இணைப்பு நெறிமுறையை இயக்கும் பிபிபிடி நிரல் *99# என்று டயல் செய்கிறது. இணைப்பு கிடைக்கிறது, பிபிபி0 என்ற இடைமுகம் (வலைக்குப் போகும் கதவு) தோன்றுகிறது, 10-இல் தொடங்கும் முகவரியும் வருகிறது. ஆனால் எந்தச் சர்வரையும் எட்ட முடியவில்லை. மறுமுனையாகக் காட்டப்படும் 10.64.64.64-க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) அனுப்பினாலும் பதில் இல்லை. சிம்மை இரண்டு முறை மாற்றினீர்கள், ஆன்டெனாவை மாற்றினீர்கள், இனி மோடத்தையே மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். உணரிகளை இணைக்கும் முன் மேசையில் வைத்துச் சோதித்தபோது எல்லாம் ஒழுங்காக ஓடியது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரியில்தான் விடை இருக்கிறது. மோடத்தை மாற்ற வேண்டாம்.

பிபிபி இணைப்பு ஒரே மூச்சில் எழும்புவதில்லை. 1994-இல் ஆர்எஃப்சி 1661 என்ற இணையத் தரநிலை ஆவணம் வகுத்த ஒழுங்கு இன்றும் அப்படியே இருக்கிறது: முதலில் இரு முனைகளும் இணைப்பின் விதிகளைப் பேசி முடிக்கும், தேவைப்பட்டால் கடவுச்சொல் சோதனை நடக்கும், அதன் பிறகுதான் ஐபி முகவரியைப் பற்றிய பேச்சு. பிபிபி0-வுக்கு முகவரி வந்துவிட்டது என்றால் சீரியல் கம்பி, அதன் வேகம், சிம், டயல் செய்த எண் எல்லாம் தேறிவிட்டன என்று பொருள். மிச்சம் இருப்பது ஒரே முடிவு. ஒரு பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, எந்தக் கதவு வழியாக வெளியே விடுவது என்பதை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தீர்மானிக்க வேண்டும். இணைப்பு கிடைப்பது வேறு, வழி கிடைப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் நல்ல மோடங்கள் குப்பைக்குப் போகின்றன.

உங்களைத் திசைதிருப்பிய 10.64.64.64-ஐ முதலில் தள்ளி வைத்துவிடுவோம். அது உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் முகவரி அல்ல. மறுமுனை தன் முகவரியைச் சொல்லாதபோது பிபிபிடி தானாக இட்டுக்கொள்ளும் பெயரளவு முகவரி. சிஸ்லாக் பதிவைத் திறந்து பாருங்கள்: மறுமுனை முகவரியைக் கண்டறிய முடியவில்லை, 10.64.64.64 என்று வைத்துக்கொள்கிறேன் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். சிம் மோடங்களில் பிபிபி உரையாடல் பெரும்பாலும் மோடத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது; அங்கிருந்து அலைவரிசையில் போவது வேறு நெறிமுறை. ஆகவே அந்த முகவரி பிங்குக்குப் பதில் சொல்லாதது கோளாறின் அடையாளம் அல்ல. பிபிபி0-வின் நெட்மாஸ்க் (எந்த முகவரிகள் அதே வலையில் இருக்கின்றன என்று சொல்லும் எண்) 255.255.255.255 என்று இருப்பதும், உங்கள் முகவரிக்கும் மறுமுனை முகவரிக்கும் எந்த உறவும் இல்லாமல் இருப்பதும் அப்படித்தான். இரண்டே முனைகள் கொண்ட கம்பியில் இது இயல்பு. இதைப் பார்த்துப் பதறி நெட்மாஸ்க்கைத் திருத்தப் போகாதீர்கள்.

இப்போது நீங்கள் ஒட்டியிருந்த பிங் விடைக்கு வருகிறேன். கூகுளின் பொதுச் சர்வர் முகவரியான 8.8.8.8-க்கு அனுப்பிய பிங்குக்கு, 192.168.1.5-இலிருந்து, ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று வந்திருக்கிறது. இந்த வரியை மெதுவாகப் படியுங்கள். 192.168.1.5 யார்? உங்கள் பலகையேதான். உங்கள் பலகை தனக்குத் தானே சொல்லிக்கொண்ட பதில் இது. அதுவும் பிபிபி0-வின் முகவரியிலிருந்து வரவில்லை, ஈதர்நெட்டின் முகவரியிலிருந்து வந்திருக்கிறது. வெளியே இணையத்தில் இருக்கும் ஒரு சர்வரைத் தேடி உங்கள் கெர்னல் உணரிகள் இருக்கும் வலைக்குள் போயிருக்கிறது. வெளியே போகும் வாசல் என்று அதனிடம் சொல்லப்பட்டிருக்கும் 192.168.1.1 யார் என்று ஏஆர்பி (உள்வலையில் முகவரிக்குரிய கருவியைத் தேடும் நெறிமுறை) மூலம் வினாடிக்கு ஒரு முறை கூவியிருக்கிறது. அப்படி ஒரு கருவியே அங்கே இல்லாததால் பதில் வராமல் கைவிட்டிருக்கிறது.

பிங் தோற்கும் விதங்களை வேறுபடுத்திப் பார்க்கப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ‘நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்’ என்று கட்டளை கொடுத்த நொடியிலேயே வந்தால், வழித்தட அட்டவணையில் அந்த முகவரிக்கு எந்த வழியும் இல்லை. இயல்பு வழியே, அதாவது தனி வழி குறிக்கப்படாத எல்லா முகவரிகளுக்குமான பொது வழியே, இல்லை என்று பொருள். ‘ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று சில வினாடி கழித்துச் சொந்த ஈதர்நெட் முகவரியிலிருந்து வந்தால், வழி இருக்கிறது, ஆனால் தவறான கதவு. எந்தச் செய்தியும் இல்லாமல் நூறு விழுக்காடு இழப்பு என்று மட்டும் முடிந்தால், பாக்கெட் எங்கோ போயிருக்கிறது, திரும்பி வரவில்லை. அப்போதுதான் சிம்மையும் நிறுவனத்தையும் சந்தேகிக்கத் தொடங்க வேண்டும். உங்களுடையது இரண்டாவது வகை.

2001-இல் ஓர் அச்சகத்தில் இதே கோளாறைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்போது வெளியே வைக்கும் தொலைபேசி மோடம். முகப்பில் வரிசையாகச் சிவப்பு விளக்குகள். அவற்றில் எஸ்டி என்று குறித்திருக்கும் விளக்கு, கணினி மோடத்துக்கு எதையாவது அனுப்பும்போது மின்னும். புதிதாக மூன்று கணினிகளை இணைத்து ஒரு ஹப் வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து இணையம் இல்லை. மோடத்தை ஏற்கெனவே ஒரு முறை மாற்றிவிட்டார்கள். பிங் கொடுத்துவிட்டு மோடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எஸ்டி விளக்கு அசையவே இல்லை. மேசையின் மறு ஓரத்தில் இருந்த ஹப்பின் பச்சை விளக்கு மட்டும் வினாடிக்கு ஒரு முறை, கடிகாரம் போல மின்னியது. பாக்கெட் எந்தப் பக்கம் போகிறது என்பதை அதைவிடத் தெளிவாக எந்தக் கட்டளையும் எனக்குக் காட்டியதில்லை. உங்கள் பலகையில் அந்த விளக்கு இல்லை; அதற்குப் பதிலாக இரண்டு கட்டளைகள் இருக்கின்றன.

முதல் கட்டளை ‘ஐபி ரூட் கெட் 8.8.8.8’. அட்டவணை முழுவதையும் நீங்கள் படித்து ஊகிக்க வேண்டியதில்லை, கெர்னலையே கேட்டுவிடலாம். இந்த முகவரிக்கு இப்போது ஒரு பாக்கெட் வந்தால் எந்த இடைமுகம் வழியாக, எந்த முகவரியைப் போட்டு அனுப்புவாய் என்று கேட்கிறீர்கள். அது ஒரே வரியில் பதில் சொல்லும். அந்த வரியில் பிபிபி0 இருக்க வேண்டும். உங்களுக்கு ஈதர்நெட் இடைமுகத்தின் பெயரான ஈத்0 என்று வரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பழைய கணினிகளில் இந்தக் கட்டளை இல்லாவிட்டால் ‘நெட்ஸ்டாட் -ஆர்என்’ எல்லா யூனிக்ஸ் குடும்பத்திலும் இருக்கும். அதில் யுஹெச் என்ற குறியுடன் 10.64.64.64-க்கு ஒரு வரி இருக்கும். அது அந்த ஒரு முகவரிக்கு மட்டுமான வழி. 0.0.0.0 அல்லது டிஃபால்ட் என்று தொடங்கும் வரிதான் இயல்பு வழி. அதன் வலது ஓரத்தில் எந்த இடைமுகத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாவது கட்டளை ‘பிங் -ஐ பிபிபி0 8.8.8.8’. இங்கே ஆங்கிலப் பெரிய எழுத்து ஐ. அட்டவணை என்ன சொன்னாலும் சரி, பிபிபி0 வழியாகவே அனுப்பு என்று வற்புறுத்துகிறது. இதற்குப் பதில் வந்துவிட்டால் மோடமும் சிம்மும் நன்றாக இருக்கின்றன என்பது உறுதியாகிவிடும். பழி முழுவதும் வழித்தடத்தின் மேல். ஆனால் பதில் வராவிட்டால் உடனே மோடத்தைக் குறை சொல்லிவிடக் கூடாது. லினக்ஸில் ஆர்பி ஃபில்ட்டர் என்றொரு காவல் இருக்கிறது. 8.8.8.8-க்குப் போகும் வழி ஈத்0 என்று அட்டவணை சொல்லும்போது, அங்கிருந்து வரும் பாக்கெட் பிபிபி0 வழியாக நுழைந்தால், இது போலி முகவரியாக இருக்கலாம் என்று சந்தேகித்து அதை ஓசையில்லாமல் எறிந்துவிடும். அதன் மதிப்பு 1 என்றால் இந்தக் கண்டிப்பு. 2 என்றால் தளர்வு. இன்னொரு முனையத்தில், வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் ‘டிசிபிடம்ப் -என் -ஐ பிபிபி0’ கட்டளையை ஓடவிட்டு, அதன் பிறகு பிங் கொடுங்கள். இங்கே சிறிய எழுத்து ஐ. டிசிபிடம்ப் திரையில் பதில் பாக்கெட் வந்து இறங்குவது தெரிந்து, பிங் மட்டும் ஒன்றும் வரவில்லை என்று சொன்னால், வாசல்வரை வந்த விருந்தாளியைக் காவலாளி திருப்பி அனுப்பிவிட்டான் என்று அர்த்தம். வழித்தடத்தைச் சரிசெய்தால் இதுவும் தானாகச் சரியாகிவிடும். காவலை நிரந்தரமாக அணைத்து வைக்க வேண்டாம்.

சரி, இயல்பு வழி ஈத்0 பக்கம் எப்படிப் போனது? பிபிபிடிக்கு ‘டிஃபால்ட்ரூட்’ என்ற விருப்பம் கொடுத்திருப்பீர்கள். முகவரி கிடைத்ததும் மறுமுனையை இயல்பு வழியாகச் சேர் என்று அதற்குப் பொருள். ஆனால் அது மரியாதை தெரிந்த நிரல். அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தால் எழுப்பிவிடாது. ‘நாட் ரீப்ளேசிங்’ என்று தொடங்கும் ஒரு வரியை, இருக்கும் இயல்பு வழியை மாற்றவில்லை என்ற பொருளில், சிஸ்லாக்கில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். உங்கள் பதிவில் அந்த வரி கட்டாயம் இருக்கும். மேசையில் சோதித்தபோது ஈதர்நெட்டை அமைத்திருக்கவில்லை, இடம் காலியாக இருந்தது. ஆகவே எல்லாம் ஓடியது.

உட்கார்ந்திருப்பவரை உட்கார வைத்தது யார் என்பதுதான் உண்மையான கேள்வி. ஈடிசி அடைவுக்குள் நெட்வொர்க் அடைவில் இருக்கும் இன்டர்ஃபேசஸ் கோப்பைத் திறங்கள். ஈத்0 பகுதியில் ‘கேட்வே 192.168.1.1’ என்றொரு வரி இருக்கும். நிறுவும்போது கேட்வே என்ன என்று நிரல் கேட்டிருக்கும். வெறுமையாக விட மனமில்லாமல் பலரும் 1.1 என்று போட்டுவிடுவார்கள். வெளியே போக வாசல் இல்லாத வலைக்கு கேட்வே தேவையே இல்லை. பக்கத்தில் இருக்கும் உணரிகளை அடைய ஈத்0-வின் முகவரியும் நெட்மாஸ்க்கும் போதும். அந்த வரியை நீக்குங்கள், அவ்வளவுதான் தீர்வு.

‘ஐபி ரூட் டெல் டிஃபால்ட்’ என்று கொடுத்துவிட்டு ‘ஐபி ரூட் ஆட் டிஃபால்ட் டெவ் பிபிபி0’ என்று சேர்த்தால் உடனே வேலை செய்யும். இருமுனைக் கம்பி என்பதால் கேட்வே முகவரிகூட வேண்டாம், இடைமுகத்தின் பெயர் போதும். என் ஊகம் சரியா என்று பார்க்க இதைச் செய்து பாருங்கள். ஆனால் இதைத் தீர்வாக வைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடாதீர்கள். கையால் சேர்த்த வழி அந்த பிபிபி0 உயிரோடு இருக்கும்வரைதான். இரவில் சிக்னல் அறுந்து இடைமுகம் மறைந்தால் அந்த வழியும் அதோடு மறையும். மறுபடி டயல் ஆகும்போது இடம் காலியாக இருந்தால் பிபிபிடியே அதைச் சேர்த்துவிடும்; ஈத்0 மறுபடி உட்கார்ந்திருந்தால் சேர்க்காது, சேர்க்க அங்கே நீங்களும் இருக்க மாட்டீர்கள். கேட்வே வரி கோப்பில் அப்படியே இருப்பதால், பலகை ஒரு முறை அணைந்து எழுந்தாலே பழைய கதை திரும்பிவிடும்.

இதன் இன்னொரு வடிவம் இன்னும் தந்திரமானது. ஈதர்நெட்டுக்கு முகவரி டிஹெச்சிபி (முகவரிகளைத் தானாக வழங்கும் நெறிமுறை) மூலம் வருகிறது என்றால், முகவரியோடு சேர்த்து ரவுட்டர் முகவரியையும் அந்தச் சர்வர் கொடுக்கக்கூடும். காலையில் நீங்கள் இயல்பு வழியை மாற்றிவிட்டுப் போயிருப்பீர்கள்; முகவரியைப் புதுப்பிக்கும்போதோ கம்பியைக் கழற்றி மாட்டும்போதோ அது பழையபடி ஈத்0-வை உட்கார வைத்துவிடும். ‘ஒரு நாள் ஓடியது, அடுத்த நாள் நின்றுவிட்டது’ என்று வரும் புகார்களைப் பார்த்தால் முதலில் இதைத்தான் தேடுவேன். டிஹெச்சிபி கிளையன்ட் ரவுட்டர் முகவரியைக் கேட்காதபடி அதன் அமைப்பில் நிறுத்த வேண்டும். நெட்வொர்க் மேனேஜர் பயன்படுத்தினால் ஈதர்நெட் இணைப்புக்கு ‘நெவர்-டிஃபால்ட்’ என்ற அமைப்பை ஆம் என்று வையுங்கள். அங்கே இரண்டு இயல்பு வழிகள் ஒரே நேரத்தில் இருக்கலாம். மெட்ரிக் என்ற முன்னுரிமை எண் குறைவாக உள்ளதுதான் வெல்லும், ஈதர்நெட்டுக்கு இயல்பாகவே மோடத்தைவிடக் குறைந்த எண் கொடுக்கப்பட்டிருக்கும்.

ஈதர்நெட்டில் கேட்வே இருந்தே ஆக வேண்டும், இணைப்பு இருக்கும் நேரத்தில் மட்டும் மோடம் முந்திக்கொள்ள வேண்டும் என்ற நிலை இருந்தால், ‘ரீப்ளேஸ்டிஃபால்ட்ரூட்’ என்ற விருப்பத்தை டிஃபால்ட்ரூட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம். உங்களுக்கு அது வேண்டாம். இல்லாத ரவுட்டரை ஒவ்வொரு முறையும் எழுப்பி அனுப்புவதைவிட, அவரை அழைக்காமல் இருப்பதே சரி.

பழைய இயல்பு வழி இன்னொரு விதத்திலும் காலை வாரிவிடும். அது வழித்தடக் கோளாறு போலவே தோன்றாது. பிபிபிடிக்கு ஒரு பாதுகாப்புப் பழக்கம் உண்டு: கணினியில் ஏற்கெனவே இயல்பு வழி இருந்தால், வலையோடு இணைந்த கணினி இது, யாரோ உள்ளே அழைக்கிறார்கள் என்று கருதி மறுமுனையிடம் கடவுச்சொல் கேட்கும். தொலைபேசி நிறுவனம் உங்களிடம் தன்னை நிரூபிக்குமா? நிரூபிக்காது, இணைப்பே எழும்பாது. மறுமுனை தன்னை உறுதிப்படுத்த வேண்டும், அதற்கான கடவுச்சொல் கிடைக்கவில்லை என்று பதிவில் வரும். அந்த வரியைப் பார்த்துவிட்டு சிம்மின் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். ‘நோஆத்’ என்று ஒரு சொல் சேர்த்தால் முடிந்தது. உங்களுக்கு முகவரி வருவதால் அது உங்கள் அமைப்பில் ஏற்கெனவே இருக்கிறது.

வழி சரியான பின்னும் பெயர்கள் திறக்காமல் இருக்கலாம். எண்ணுக்கு பிங் போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால் அது பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் சேவையின் சிக்கல். வழித்தடத்தை இனித் தொடாதீர்கள். ‘யூஸ்பியர்டிஎன்எஸ்’ என்ற விருப்பத்தைச் சேருங்கள். இதில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தொலைபேசி நிறுவனங்கள் தரும் டிஎன்எஸ் முகவரிகள் பெரும்பாலும் 10-இல் தொடங்குபவை. உங்கள் உள்வலை 192.168 என்பதால் தப்பித்தீர்கள். உள்வலைக்கு 10.0.0.0 என்று வைத்து நெட்மாஸ்க்கை 255.0.0.0 என்று போட்டவர்கள் 1,67,77,216 முகவரிகளையும் தங்கள் கிடங்குக்குள்ளேயே இருப்பதாக கெர்னலிடம் சொல்லிவிடுகிறார்கள். குறிப்பிட்ட முகவரிகளுக்கான வழி எப்போதும் இயல்பு வழியை வெல்லும் என்பதால், டிஎன்எஸ் கேள்விகள் எல்லாம் உணரிகளிடம் போய்ச் சேரும். ‘ஐபி ரூட் கெட்’ கட்டளையை டிஎன்எஸ் முகவரிக்கும் ஒரு முறை கொடுத்துப் பாருங்கள்.

உணரிகளும் நேரத்தைச் சரிசெய்ய இணையத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அப்போது பலகையே அவற்றுக்கு ரவுட்டர். உணரிகளில் கேட்வே 192.168.1.5 என்று வையுங்கள். பலகையில் ஐபி ஃபார்வர்ட் மதிப்பை 1 ஆக்குங்கள். பிபிபி0 வழியாக வெளியேறுவதற்கு, பாக்கெட் விதிகளை வைக்கும் ஐபிடேபிள்ஸில், உள்முகவரியைப் பலகையின் வெளிமுகவரியாக மாற்றும் மாஸ்கரேட் விதி ஒன்று சேருங்கள். பிபிபி0-வில் டிசிபிடம்ப் ஓட்டும்போது 192.168.1.20 போன்ற முகவரி வெளியே போவது தெரிந்தால் மாஸ்கரேட் விதி வேலை செய்யவில்லை. அந்தப் பாக்கெட்டுக்கு உலகில் யாரும் பதில் அனுப்ப முடியாது. இங்கேயும் சிறிய செய்திகள் போய், பெரிய கோப்புகள் மட்டும் பாதியில் நின்றால், அது எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவின் சிக்கல். டிசிபிஎம்எஸ்எஸ் என்ற ஐபிடேபிள்ஸ் விதியால் அளவைக் குறைத்தால் தீரும்.

உங்கள் இன்னொரு கிடங்கில் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் இருக்கிறது என்றீர்கள். அங்கே நோய் அதே, மருந்தின் பெயர்தான் வேறு. பயனர் பிபிபி நிரலின் அமைப்புக் கோப்பில் ‘ஆட் டிஃபால்ட் ஹிஸ்அட்ரஸ்’ என்ற வரி இருக்க வேண்டும்; கோப்பில் கடைசிச் சொல்லின் எழுத்து ஹெச்ஐஎஸ்ஏடிடிஆர். ஆர்சி.கான்ஃப் கோப்பில் டிஃபால்ட்ரவுட்டர் வரி இருக்கக் கூடாது. ரவுட்டட் என்ற பின்னணி நிரல் ஓடினால் நிறுத்திவிடுங்கள். பிபிபி சேர்த்த இயல்பு வழியை அது அழித்துவிடும் பழக்கம் கொண்டது. பயனர் பிபிபி நிரலின் முகப்பு எழுத்துகள் எனக்கு மிகவும் பிடித்தவை: மூன்று சிறிய பி-க்களில் இணைப்பு எழும்பியதும் ஒன்று, கடவுச்சொல் தேறியதும் ஒன்று, ஐபி முகவரி வந்ததும் ஒன்று எனப் பெரிய எழுத்தாக மாறும். மூன்றும் பெரிதாகிவிட்டால் மோடத்தை விட்டுவிட்டு அட்டவணையைப் பார்க்க வேண்டிய நேரம்.

கேட்வே வரியை நீக்கிய பின், ‘பெர்சிஸ்ட்’ விருப்பமும் ‘மேக்ஸ்ஃபெயில் 0’ என்பதும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது இல்லாவிட்டால் இணைப்பு அறுந்ததும் பிபிபிடி நின்றுவிடும்; இரண்டாவது இல்லாவிட்டால் தொடர்ந்து பத்து முறை தோற்றதும் முயற்சியை விட்டுவிடும். மோடத்துக்குள்ளேயே பிபிபி முடிவதால், எல்சிபி எக்கோ (பிபிபி இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை) பதில் வருகிறது என்பதை மட்டும் வைத்து இணையம் இருக்கிறது என்று நம்பாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை உங்கள் சொந்தச் சர்வருக்கே ஒரு பிங் அனுப்பி, தொடர்ந்து தோற்றால் பிபிபிடியை மறுபடி தொடங்கும் சிறு ஸ்கிரிப்ட் எழுதி வையுங்கள்.

பிறகு பலகையை அணைத்து எழுப்புங்கள். இணைப்பு வந்ததும் ஆன்டெனாவைக் கழற்றி, பிபிபி0 மறையும்வரை காத்திருங்கள். நேரம் எடுக்கும், பொறுமையாக இருங்கள். திரும்ப மாட்டி, மறுபடி டயல் ஆனதும் கையால் எதையும் சேர்க்காமல் ‘ஐபி ரூட் கெட் 8.8.8.8’ கொடுங்கள். பிபிபி0 என்று வந்தால் கிடங்கைப் பூட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பலாம். ஈத்0 என்று வந்தால் இன்டர்ஃபேசஸ் கோப்பையும், சிஸ்லாக்கில் பிபிபிடி எழுதிய கடைசி முப்பது வரிகளையும் அப்படியே எனக்கு அனுப்புங்கள்.